ஒரு ஸ்பூனில் தொடங்குங்கள்: குடல் நுண்ணுயிர்களும் நம் அவசரமும்

வயிற்றைச் சரிசெய்தே தீருவது என்று ஒருவர் முடிவெடுக்கும் வாரம் எப்படிப் போகும் என்பது தெரிந்ததுதான். முதலில் புரோபயாடிக் கேப்ஸ்யூல், அதாவது உயிருள்ள நல்ல கிருமிகளை அடைத்த மாத்திரை, ஒரு டப்பா வாங்குவார். அன்றே ஓட்ஸ், ஊறவைத்த சியா விதை, ஒரு கிண்ணம் பயறு, காலையில் கெஃபிர் என்ற புளித்த பால் பானம், இரவில் இசப்கோல் எல்லாம் தொடங்கிவிடும். நான்காம் நாள் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொள்ளும். எதனால் உப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் எல்லாம் அலமாரிக்குப் போய்விடும், "இதெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்ற தீர்ப்போடு.

வாங்கிய பொருளில் பெரும்பாலும் குற்றம் இல்லை. வேகம்தான் தப்பு. நாம் செரிக்காமல் விடும் நாரைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. அப்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் கிளம்பும். கூடவே பியூட்டிரேட் போன்ற குறுகிய கொழுப்பு அமிலங்களும் உண்டாகும். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான். ஆக, வாயுவும் நன்மையும் ஒரே அடுப்பிலிருந்து வருகின்றன. விறகை ஒரேயடியாகத் திணித்தால் புகைதான் முதலில் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், அந்த நாரைத் தின்னும் கிருமிகள் பெருகிக்கொள்ள நேரம் கிடைக்கும், குடலும் பழகிக்கொள்ளும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

எனவே முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். குறிப்பு மட்டும் எழுதுங்கள். பிரிஸ்டல் மல அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 1997-ல் வெளிவந்தது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாகப் போனால் 1, தண்ணீராகப் போனால் 7. மூன்றும் நான்கும்தான் நாம் விரும்புவது. தினமும் அந்த எண், எத்தனை முறை, உப்புசம் பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரத் தூக்கம், புதிதாகச் சாப்பிட்ட மருந்து, மாதவிடாய் நாட்கள். இவ்வளவு போதும். சாப்பிட்டதையெல்லாம் கிராம் கணக்கில் எழுதப் போனால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். இந்த ஒரு வாரக் குறிப்பு கையில் இல்லாவிட்டால், அடுத்து என்ன செய்தாலும் "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது" என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

நார் எவ்வளவு வேண்டும்? பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் தந்த அளவு. வேகவைத்த பயறு அரைக் கோப்பையில் 7, 8 கிராம் இருக்கும். தோலோடு ஒரு ஆப்பிளில் 4, ஒரு வாழைப்பழத்தில் 3, உலர் ஓட்ஸ் 40 கிராமில் 4. இப்போது 12 கிராம் சாப்பிடுகிறவர் நாளையே 25-க்குத் தாவக் கூடாது. வாரத்துக்கு 5 கிராம் ஏற்றினால் போதும். அரைக் கோப்பை பயறைக்கூட ஏற்றத் தொடங்கும் வாரம் இரண்டு மேசைக்கரண்டியாக வைத்துக்கொள்ளலாம். உப்புசம் கூடினால் முந்தைய அளவுக்கு இறங்கி ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். விட்டுவிடத் தேவையில்லை.

நாரிலும் சாதி உண்டு. இசப்கோல் உமி தண்ணீரைப் பிடித்துக் கூழாகும், ஆனால் அதிகம் நொதிக்காது, அதனால் வாயு குறைவு. குடல் எரிச்சல் நோய் இருப்பவர்களுக்கும், மலச்சிக்கல், பேதி இரண்டுக்கும் முதலில் கைகொடுப்பது இதுதான். 3 கிராமில் தொடங்குங்கள். 250 மில்லி தண்ணீரில் கலக்கியதும் உடனே குடித்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் வைத்தால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகிவிடும், தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடல் அடைப்பு வந்தவர்களும் தொடக் கூடாது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்தையும் சேர்த்துக் கூழுக்குள் கட்டிப்போட்டுவிடும். இனுலின் இதற்கு நேர் எதிர்: முழுக்க நொதிக்கும், பைஃபிடோ என்ற நல்ல குடல் பாக்டீரியாவுக்கு விருந்து, வாயுவும் அதே அளவுக்கு வரும். 2 கிராமுக்கு மேல் தொடங்கவே தொடங்காதீர்கள். "நார்ச்சத்து நிறைந்தது" என்று விற்கும் சிற்றுண்டி பார்களில் இனுலினோ சிக்கரி வேரோ சேர்த்திருப்பார்கள். ஒரே பாரில் 8, 9 கிராம்கூட இருக்கும். காரணம் தெரியாத உப்புசம் என்று வருகிறவர்கள் முதலில் அந்த உறையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. கோதுமைத் தவிடு எரிச்சல் குடலுக்கு உப்புசத்தைக் கூட்டிவிடுவது சகஜம்.

வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கிலும் சோற்றிலும் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், அதுவும் குடல் கிருமிகளுக்கு உணவுதான். ஆனால் வெளியிலேயே மணிக்கணக்கில் வைத்து ஆறவிடக் கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்த பிறகும் பிழைத்திருக்கும், வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். பிறகு சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

ஜாடிக்குள் என்ன நடக்கிறது

புளித்தது எல்லாம் புரோபயாடிக் ஆகிவிடாது. புரோபயாடிக் என்றால், போதுமான அளவில் எடுத்துக்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்று 2001-ல் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் வகுத்தன. உயிர், அளவு, நிரூபித்த நன்மை, மூன்றும் வேண்டும். வீட்டு ஜாடியில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. அதற்காக அது வீண் என்று அர்த்தமில்லை. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் புளித்த உணவைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் கிருமிகளின் வகைப்பெருக்கம் கூடியது, அழற்சியைக் காட்டும் புரதங்கள் பல குறைந்தன. நாரை மட்டும் கூட்டியவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் வகைப்பெருக்கம் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கடையில் காசு கொடுக்கும் முன் சமையலறையில் ஒரு ஜாடி போட்டுப் பார்க்க இது போதும்.

ஆரம்பிப்பவர்களுக்கு முட்டைக்கோஸ்தான் சரி. தனியாக உறை எதுவும் வேண்டாம், தேவையான பாக்டீரியா இலையிலேயே இருக்கிறது. நடுத்தண்டை நீக்கி 1 கிலோ எடை போடுங்கள். உப்பு 20 கிராம், அதாவது 2 சதவீதம். வெயில் கடுமையான இடம் என்றால் 25. இங்கே தராசு கட்டாயம். கல் உப்பு ஒரு ஸ்பூனும் தூள் உப்பு ஒரு ஸ்பூனும் ஒரே எடை இல்லை. ஸ்பூன் கணக்கில் போட்டுத்தான் பாதி ஜாடிகள் கெடுகின்றன. கோஸை மெல்லியதாக நறுக்கி, உப்பைத் தூவிப் பிசறி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கையால் நன்றாகப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சாறு தாரையாக ஒழுக வேண்டும். ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு, ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் அமுக்கி, மேலே நான்கு விரற்கடை இடம் விடுங்கள். வெளி இலை ஒன்றை மடித்து மூடி அதன்மேல் எடை வையுங்கள். எல்லாத் துண்டும் சாற்றுக்குள் முழுகியிருக்க வேண்டும். சாறு போதாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 20 கிராம் உப்பு என்று கரைத்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பின் விகிதம் சரிந்துவிடும்.

ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள், இரண்டாம் மூன்றாம் நாள் பொங்கும். அப்போது வேலை செய்வது லூகனோஸ்டாக் என்ற வகை. அதுதான் கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பி ஜாடிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. மூடியைத் தினம் ஒருமுறை தளர்த்தி வாயுவை விடுங்கள், இறுக்கி மூடிய கண்ணாடி வெடிக்கும். கந்தக நாற்றம் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம், கோஸின் குணம் அது. பச்சை நிறம் மங்கி மஞ்சளாகும்போது அமிலம் ஏறியிருக்கும், லூகனோஸ்டாக் ஒதுங்கிக்கொண்டு அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் கைப்பற்றியிருக்கும். 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரத்திலேயே புளித்துவிடும், ஆனால் கோஸ் தொளதொளத்துப் போகும், மணமும் ஒற்றையாக இருக்கும். அமில அளவைக் காட்டும் பி.எச். தாள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 4.6-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்தான நஞ்சைக் கக்கும் பாட்டுலிசம் கிருமி வளராது. நன்றாகப் புளித்த ஜாடி 4-க்கும் கீழே நிற்கும்.

மேலே மாவு பூசியது போல் தட்டையான வெள்ளைப் படலம் கட்டினால் அது ஈஸ்ட், வழித்தெடுத்துவிட்டுத் தொடரலாம். பஞ்சு மாதிரி மேலெழுந்து பச்சை, கறுப்பு நிறம் காட்டினால் பூஞ்சை. முழு ஜாடியையும் கொட்டுங்கள், மனசு வராது, ஆனாலும் கொட்டுங்கள். கோஸ் இளஞ்சிவப்பாகிவிட்டாலும் அதே முடிவுதான், உப்பு ஒரே இடத்தில் குவிந்ததால் வருவது அது. அடியில் படியும் வெண்ணிற வண்டல் பாக்டீரியாதான், அதில் தப்பில்லை.

சாப்பிடத் தொடங்குவது ஒரு டீஸ்பூன் சாற்றில். மூன்று நாள் கழித்து ஒரு டீஸ்பூன் கோஸ், இரண்டு வாரத்தில் இரண்டு மேசைக்கரண்டி. அடுப்பில் ஏற்றினால் உயிர் போய்விடும். கடையில் வாங்கினால் பதப்படுத்தச் சூடாக்கியதா என்று பாருங்கள். வினிகரில் ஊறியது வேறு பண்டம், அதில் நொதித்தலே இல்லை. 100 கிராமில் 2 கிராம் உப்பு இருக்கிறது என்பதை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும், நாள் முழுவதற்குமான வரம்பே 5 கிராம்தான். சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து தலைவலி வந்தால் புளிக்கும்போது உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாம். மோனோ அமீன் ஆக்சிடேஸ் தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நாள்பட்ட புளித்த உணவு ஆபத்து, அதில் இருக்கும் டைரமின் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும்.

தயிரில் இவ்வளவு வில்லங்கம் இல்லை. ஒரு லிட்டர் பாலை 85 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் மோர்ப் புரதங்கள் விரிந்து பாலின் இன்னொரு புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் கெட்டியாக நிற்பதன் ரகசியம் அதுதான். 43 டிகிரிக்கு இறங்கியதும் இரண்டு மேசைக்கரண்டி உறை ஊற்றி, ஆறேழு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். விரல் வைத்தால் சுடுகிற பாலில் ஊற்றினால் உறை செத்துப்போகும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் புளித்து நீர் விடும். பால் சர்க்கரை செரிக்காதவர்களில் பலருக்குப் பாலைவிடத் தயிர் ஒத்துக்கொள்ளும். காரணம், தயிர்க் கிருமிகளின் நொதி குடலுக்குள்ளும் லாக்டோஸை உடைக்கிறது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: புரோபயாடிக் தயிரை வாங்கி அதையே உறையாக ஊற்றினால், இரண்டாம் மூன்றாம் முறையில் லேபிளில் இருந்த அந்தக் கிருமி மிஞ்சும் என்று நம்ப முடியாது. வேகமாக வளரும் சாதாரணத் தயிர்க் கிருமிகள் அதை ஓரங்கட்டிவிடும். தயிராக அது நல்ல தயிர்தான். மருந்தாக நினைக்காதீர்கள்.

கேப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

லேபிளில் மூன்று பெயர் இருக்க வேண்டும். லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்றால் முதலாவது பேரினம், இரண்டாவது இனம், மூன்றாவதுதான் ஸ்ட்ரெய்ன், அதாவது இனத்துக்குள் இருக்கும் தனி வகை. ஒரே இனத்துக்குள் ஒரு ஸ்ட்ரெய்ன் செய்வதை இன்னொன்று செய்யாது. ஜிஜி-யைப் பற்றிய ஆய்வைக் காட்டி வேறொரு ராம்னோசஸை விற்பது, ஒருவரின் மதிப்பெண் சான்றிதழைக் காட்டி அவர் அண்ணனுக்கு வேலை கேட்பது மாதிரி. ஸ்ட்ரெய்ன் எழுதாத டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். 2020-ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தைப் பலவாகப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள். பழைய டப்பாவில் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்று இருந்தால் அதே ஆள்தான்.

அடுத்தது எண்ணிக்கை. "தயாரித்தபோது 1000 கோடி" என்பதும் "காலாவதி நாள் வரை 1000 கோடி" என்பதும் ஒன்றல்ல, இரண்டாவதுதான் வாக்குறுதி. பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஒரு மனிதரின் உடலில் குடியிருக்கும் பாக்டீரியா ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்பது 2016-ல் வெளியான கணக்கு, அதில் பெரும்பங்கு பெருங்குடலில். ஒரு கேப்ஸ்யூலில் 1000 கோடி என்றால், 3,800 பேர் வாழும் ஊருக்கு ஒரு விருந்தாளி வந்த கதை. பெரும்பாலும் நிறுத்திய சில வாரங்களில் விருந்தாளி கிளம்பிவிடுவார். குடியிருப்பவர்களுக்குச் சோறு போடும் வேலை நாருடையது, அதை கேப்ஸ்யூல் செய்யாது.

எதற்கு உதவும்? ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதியைத் தடுப்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க இரைப்பை குடல் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டலில் பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை, எரிச்சல் குடலுக்குக்கூட ஆய்வுக்குள் மட்டுமே என்றது. விற்கிறவர்கள் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் பாக்டீரியா வகை கேப்ஸ்யூல் என்றால் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். சாக்கரோமைசிஸ் பவுலார்டி ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, பூஞ்சை மருந்து கொல்லும். பேதியைத் தடுக்க உதவுவதும், பழைய கூட்டம் திரும்பி வர உதவுவதும் வேறு வேறு. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு பல ஸ்ட்ரெய்ன் கலந்த புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தக் கிருமிகள் திரும்புவது தாமதமானது. அதனால் மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் நாரையும் பலவகைக் காய்கறியையும் மெல்ல ஏற்றுவதே மேல்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக்கைத் தொடவே கூடாது: நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், மைய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியவர்கள், கடும் கணைய அழற்சியில் இருப்பவர்கள், குடலைப் பெருமளவு வெட்டியெடுத்தவர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் கொடுப்பதைப் பற்றியே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரித்தது.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு கேள்வி. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, காய்ச்சல், 50 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜாடி, கேப்ஸ்யூல் எல்லாம் பிறகு, முதலில் மருத்துவர். கோதுமைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினாலும் சீலியாக் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) பரிசோதனைக்கு முன் அதை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவருக்கு ரத்தப் பரிசோதனை நோயில்லை என்று பொய் சொல்லக்கூடும்.

கேப்ஸ்யூல்தான் வேண்டும் என்றால் ஒரே ஸ்ட்ரெய்ன், ஒரே அளவு, நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் உணவில் வேறு எதையும் மாற்றாதீர்கள். குறிப்பேட்டில் எண் நகரவில்லை என்றால் அது உங்களுக்கு வேலை செய்யவில்லை, இரண்டாவது டப்பா வேண்டாம். நகர்ந்திருந்தால், டப்பா தீர்ந்ததும் இரண்டு வாரம் வாங்காமல் இருந்து பாருங்கள். எண் அப்படியே நின்றால் செலவு மிச்சம். பழையபடி சரிந்தால் மட்டும் மறுபடி வாங்குங்கள்.